தூரக் கணக்கும் கடைக்காரர் உரிமையும்

பருப்பும் புளியும் விற்கிற நமக்கு ஆபாசப் படக் கடைகளையும் நடன பார்களையும் பற்றி என்ன பேச்சு என்று சங்க அன்பர்கள் கேட்கலாம். அந்தத் தொழிலுக்கு வக்காலத்து வாங்க நான் எழுதவில்லை. என் மண்டி இருக்கும் தெருவில் அப்படி ஒன்று வந்தால் முதல் மனு என்னுடையதாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கடை எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்று சொல்லும் அதிகாரம் எதுவரை செல்லும் என்பது இந்த வழக்குகளில்தான் நன்றாக அலசப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் படமும் புத்தகமும் பேச்சுரிமையில் சேர்ந்தவை. அடியோடு தடை போட முடியாது. ஆகவே நகரசபைகள் டேப்பைக் கையில் எடுத்தன. 1972இல் டெட்ராய்ட் நகரம் ஒரு பட்டியல் போட்டு, அதிலுள்ள இரண்டு கடைகள் இருக்கும் இடத்துக்கு 1000 அடிக்குள் மூன்றாவது வரக்கூடாது என்றது. குடியிருப்புக்கு 500 அடி தள்ளியும் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் வயது வந்தோர் படக் கொட்டகையோடு அடகுக் கடை, பழைய சாமான் கடை, ஷூ பாலிஷ் கடையும் இருந்தன! 1976இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் இதை ஏற்றது.

ரென்டன் என்ற சிறிய ஊர் வழக்கு 1986இல் முடிந்தது. வீடு, பள்ளி, தேவாலயம், பூங்கா எல்லாவற்றுக்கும் 1000 அடி தள்ளி என்று விதி. இடமே இல்லையே என்றார்கள் கொட்டகைக்காரர்கள். 520 ஏக்கர் மிச்சம் இருக்கிறது, விலையும் வாடகையும் உங்கள் பாடு என்றது நீதிமன்றம்.

நியூயார்க் கதை நம்மவர்களுக்குச் சுவையாக இருக்கும். 1995இல் அங்கே 500 அடி விதி வந்தது. இருக்கிற கடைகளுக்கு ஓராண்டு அவகாசம். சரக்கிலும் இடத்திலும் 40 சதவீதத்துக்குக் குறைவாக 'அந்த' வகை இருந்தால் விதி பொருந்தாது என்று அமல்படுத்தும்போது வரையறுத்தார்கள். விடுவார்களா வியாபாரிகள்? விற்காத பழைய வீடியோ கேசட்டுகளை மலிவாக வாங்கி முன்பக்கம் அடுக்கி 60 சதவீதம் காட்டினார்கள். வாடிக்கையாளர் நேரே பின்பக்கம் போனார். ஸ்டாக் ரிஜிஸ்டர் மட்டும் சுத்தம். 2001இல் நகரசபை விதியை இறுக்கியது. கடையின் தன்மை மாறவில்லை என்று சொல்லி, 2017இல் அந்த மாநிலத்தின் மேல் நீதிமன்றம் அதை ஏற்றது.

இனி நம் நாடு. 2005இல் மகாராஷ்டிர அரசு பார்களில் நடனத்தைத் தடை செய்தது. ஆனால் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கு விலக்கு. பெரிய இடத்தில் ஆடினால் கலை, சின்ன இடத்தில் ஆடினால் குற்றமா? மும்பை உயர்நீதிமன்றம் 2006இல் அதை ரத்து செய்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை, அனைவரும் சமம் என்ற உரிமை, இரண்டும் அடிபடுகின்றன என்பது காரணம். நாம் கல்லாவில் உட்கார்ந்திருப்பதும் அதே தொழில் உரிமையில்தான்.

2016இல் புதுச் சட்டம் வந்தது. பள்ளிக்கும் கோயிலுக்கும் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தால்தான் லைசென்ஸ். மும்பையில் அப்படி ஒரு இடத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்! 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தள்ளியது. மாலை 6 முதல் இரவு 11.30 வரை என்ற நேரக் கட்டுப்பாட்டை ஏற்றுக் கொண்டது. ரென்டனில் இடம் மிச்சம் இருந்தது, இங்கே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நாளை ஏதாவது சரக்குக்கு நம் ஊரில் தூர விதி வந்தால், சங்கம் முதலில் ஊர் வரைபடத்தை விரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு தூர விதி ஏற்கெனவே நம் கல்லா வரை வந்துவிட்டது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி கல்வி நிலையத்துக்கு 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது. அபராதம் 200 ரூபாய் வரை. தெரு வழியாக நடந்து வந்தால் 100 கெஜத்துக்கு மேல் இருக்கிறதே என்று சில அன்பர்கள் வாதாடுகிறார்கள். அது செல்லாது. பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து வட்டமடித்து நேர்க்கோட்டில்தான் அளக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. பின்தெருவில் கடை வைத்திருப்பவர்கள் ஒருமுறை அளந்து பார்த்துக் கொள்ளவும்.