தெருவில் தொடங்கிய ஆட்டம்

கூடைப்பந்து ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கம்பம். அதன் மேல் ஒரு பலகை. பலகையில் ஓர் இரும்பு வளையம். வளையத்தில் ஒரு வலை. தரையிலிருந்து வளையம் 10 அடி உயரத்தில் இருக்கும். பந்தை அந்த வளையத்திற்குள் போட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

இந்த ஆட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இதை உருவாக்கினார். அது கடுங்குளிர் காலம். வெளியே விளையாட முடியாது. மாணவர்கள் உள்ளேயே விளையாட ஓர் ஆட்டம் வேண்டும். பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டினார். பந்தை அதில் போடச் சொன்னார். கூடையில் பந்து விழுந்ததால் 'கூடைப்பந்து' என்று பெயர் வந்தது.

இன்று இது பெரிய பணம் புரளும் ஆட்டம். அமெரிக்காவில் என்.பி.ஏ. என்ற பெரிய போட்டி நடக்கிறது. அதில் ஆடுபவர்கள் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள். ஆனால் அந்தப் பெரிய வீரர்களில் பலர் எங்கே ஆடிப் பழகினார்கள் தெரியுமா? தெருமுனைத் திடலில்! அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஹார்லெம் என்ற பகுதி

அமெரிக்காவின் மிகப் பெரிய நகரம் நியூயார்க். அதில் ஹார்லெம் என்று ஒரு பகுதி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கறுப்பின மக்கள் பெருமளவில் இங்கே குடியேறினார்கள். தென் மாநிலங்களில் நடந்த கொடுமைகளுக்குத் தப்பி வந்தவர்கள் பலர். பிழைப்புத் தேடி வந்தவர்களும் பலர்.

அங்கே வீடுகள் நெருக்கமாக இருந்தன. வருமானம் குறைவு. பிள்ளைகள் விளையாடப் பெரிய மைதானம் ஏது? ஆனால் நகராட்சி அமைத்த சிறு திடல்கள் இருந்தன. தரை தார் அல்லது சிமெண்டு. இரு பக்கமும் இரும்பு வளையம். கூடைப்பந்து ஆட அது போதும். ஒரு பந்து இருந்தால் பத்துப் பேர் ஆடலாம். கட்டணம் கிடையாது.

பாதியில் விட்ட படிப்பு

இங்கே வளர்ந்தவர் ஹோல்கோம்ப் ரக்கர். 1926இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பியதும் சும்மா இருக்கவில்லை. விட்ட படிப்பைத் தொடர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு ஆங்கில ஆசிரியர் ஆனார்.

நகரப் பூங்காத் துறையில் அவர் வேலை செய்தார். விளையாட்டுத் திடலைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் வேலையின்றித் திரிவதைப் பார்த்தார். போதைப் பொருள், அடிதடி, திருட்டு என்று அவர்கள் கெட்டுப்போகக் கூடாது என்று கவலைப்பட்டார். என்ன செய்யலாம் என்று யோசித்தார். கூடைப்பந்துப் போட்டி ஒன்றைத் தொடங்கினார்.

கையில் பணம் அதிகம் இல்லை. ஆனால் மனம் இருந்தது. 'ஒருவர் ஒருவருக்குக் கற்றுக்கொடுப்போம்' என்பது அவர் கொள்கை. இந்த வாசகத்தை எங்கோ கேட்டது போல் இருக்கிறதா? ஆம். நம் நாட்டு எழுத்தறிவு இயக்கமும் இதையே சொன்னது.

கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்த காலத்தில், தென் மாநிலங்கள் பலவற்றில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். எப்படியோ கற்றுக்கொண்ட ஒருவர் இன்னொருவருக்கு ரகசியமாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த வழக்கத்தைத்தான் ரக்கர் விளையாட்டுத் திடலுக்குக் கொண்டுவந்தார். பந்தோடு படிப்பும் வேண்டும் என்பார். பள்ளி மதிப்பெண் அட்டையைக் காட்டச் சொல்வார். அவர் முயற்சியால் நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்குக் கல்லூரியில் படிக்க உதவித்தொகை கிடைத்தது.

கூரை மேல் கூட்டம்

நாளடைவில் பெரிய வீரர்களும் இந்தப் போட்டிக்கு வந்தார்கள். கோடையில் அவர்களுக்குப் பெரிய போட்டிகள் இல்லை. தெருத் திடலில் வந்து ஆடினார்கள். உள்ளூர்ப் பையன்களும் அவர்களோடு மோதினார்கள். பார்க்க டிக்கெட் கிடையாது. கூட்டம் அலைமோதியது. இடம் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறினார்கள். வீட்டுக் கூரையில் நின்றும் பார்த்தார்கள்.

1965இல் ரக்கர் புற்றுநோயால் இறந்தார். அவருக்கு வயது 40கூட ஆகவில்லை. ஆனாலும் போட்டி நிற்கவில்லை. அவரிடம் பழகிய இளைஞர்கள் எடுத்து நடத்தினார்கள். ஹார்லெமில் 155ஆம் தெருவில் உள்ள திடலுக்கு 1974இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. இன்று 'ரக்கர் பார்க்' என்றால் உலகம் முழுவதும் கூடைப்பந்து ஆடுபவர்களுக்குத் தெரியும்.

தெருவிலிருந்து உயர்ந்தவர்கள்

கரீம் அப்துல் ஜபார் 7 அடி 2 அங்குல உயரம் கொண்டவர். நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர். ரக்கர் திடலில் ஆடியவர். என்.பி.ஏ.யில் 38,387 புள்ளிகள் எடுத்தார். அந்தச் சாதனை 2023 பிப்ரவரி வரை முறியடிக்கப்படவில்லை.

நேட் ஆர்ச்சிபால்டு குள்ளமானவர். அவருடைய பட்டப்பெயரே 'சிறுசு' என்று பொருள்படும். ஏழைகள் வாழும் தெற்கு பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தார். 1972–73 ஆட்டப் பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. கூட்டாளிகள் புள்ளி எடுக்க அதிகம் உதவியவரும் அவரே.

ஜூலியஸ் எர்விங்கை 'டாக்டர் ஜே' என்று அழைத்தார்கள். வளையத்திற்கு மேலே எழும்பி, பந்தைக் கையாலேயே உள்ளே திணிப்பார். அவர் ஆட வந்தால் ரக்கர் திடலில் நிற்க இடம் இருக்காது. தெரு ஆட்டத்தின் துள்ளலைப் பெரிய அரங்குகளுக்குக் கொண்டுசென்றவர்களில் அவர் முக்கியமானவர்.

பெண்கள் ஆடவில்லையா? ஆடினார்கள். நான்சி லீபர்மன் என்ற சிறுமி நகரின் இன்னொரு கோடியில் வசித்தாள். ரயில் ஏறி ஹார்லெமுக்கு வந்து ஆண் பிள்ளைகளோடு ஆடினாள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட்டது. அதில் அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கம் வென்றது. அந்த அணியில் 18 வயது நான்சியும் இருந்தார்.

தெரு எப்படிக் கற்றுக்கொடுத்தது?

தெருத் திடலுக்கு ஒரு வழக்கம் உண்டு. வென்ற அணி திடலில் நிற்கும். தோற்ற அணி வெளியேறும். மறுபடி ஆட வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள்.

வயதுக் கணக்கும் கிடையாது. 15 வயதுப் பையன் 25 வயதுக்காரரை எதிர்த்து ஆட வேண்டும். பலத்தால் வெல்ல முடியாது. பந்தைத் தட்டிக்கொண்டு வளைந்து நெளிந்து போகும் வித்தையைக் கற்றாக வேண்டும். நெருக்கமான இடம் கையையும் காலையும் கூர்மையாக்கியது. கூட்டத்தின் கேலியும் கூச்சலும் பயத்தைப் போக்கின.

உயராமல் போனவர்

எல்லோரும் உயரவில்லை. ஏர்ல் மானிகால்ட் என்பவரின் கதையைக் கேளுங்கள். 'ஆடு' என்பது அவருடைய பட்டப்பெயர். உயரம் 6 அடி 1 அங்குலம்தான். ஆனால் வியக்கும்படி எழும்புவார். தான் பார்த்த சிறந்த ஆட்டக்காரர் அவர்தான் என்று கரீம் அப்துல் ஜபாரே சொன்னதாகக் கூறுவார்கள்.

அப்படிப்பட்டவர் என்.பி.ஏ.யில் ஒரு நாள்கூட ஆடவில்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். ஹெராயின் என்ற போதைப் பொருள் அவரைப் பிடித்துக்கொண்டது. சிறைக்கும் போனார். வாய்ப்பு வந்தபோது உடலில் பழைய பலம் இல்லை.

ஆனால் அவர் கதை அதோடு முடியவில்லை. பிற்காலத்தில் தன் பகுதிப் பிள்ளைகளுக்காகப் போட்டி நடத்தினார். போதையை விட்டு விலகுங்கள் என்பதே அந்தப் போட்டியின் செய்தி. 'நான் செய்த தவறை நீ செய்யாதே' என்பதே அவர் கற்றுக்கொடுத்த பாடம். 1998இல் இறந்தார். அவர் ஆடிய திடலை மக்கள் அவருடைய பட்டப்பெயராலேயே அழைக்கிறார்கள்.

திறமையில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்ல. வழி மாறிப் போனதுதான் வேறுபாடு. படிப்பும் வேண்டும் என்று ரக்கர் ஏன் வற்புறுத்தினார் என்பது இப்போது புரிகிறதல்லவா?

தெருவிலிருந்து ஒலிம்பிக்

தெருவில் ஆள் குறைவாக இருந்தால் என்ன செய்வார்கள்? ஒரே வளையத்தில் மூவர் மூவராக ஆடுவார்கள். இன்று அதுவே தனி விளையாட்டாகிவிட்டது. அரைத் திடல் போதும். ஆட்ட நேரம் 10 நிமிடம். அதற்குள் முதலில் 21 புள்ளி எடுக்கும் அணி வெல்லும். 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்ந்தது. ஆண்கள் பிரிவில் லாட்வியா என்ற சிறிய நாடு தங்கம் வென்றது.

பெரிய வீரர்களும் தெருவை மறக்கவில்லை. 2011இல் கெவின் டுராண்ட் என்ற புகழ்பெற்ற வீரர் ரக்கர் திடலுக்கு வந்தார். ஒரே ஆட்டத்தில் 66 புள்ளி எடுத்தார். அதே தெரு. அதே வளையம். அதே 10 அடி உயரம்.

ஒரு திடலும் ஒரு பந்தும் இருந்தால் பிள்ளைகள் ஆடுவார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஒருவர் கிடைத்தால் உயர்வார்கள். அந்த ஒருவர் பெரிய பணக்காரராக இருக்க வேண்டியதில்லை. ரக்கர் பணக்காரர் அல்ல. தான் கற்றதை மற்றவருக்குக் கொடுத்தார். அவ்வளவுதான்.

யோசித்துப் பேசுங்கள்

1. ரக்கர் ஏன் மதிப்பெண் அட்டையைக் காட்டச் சொன்னார்?

2. மானிகால்ட் உயராமல் போனதற்குக் காரணங்கள் என்ன?

3. உங்கள் ஊரில் பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறதா? பெண் பிள்ளைகளும் அங்கே விளையாடுகிறார்களா? இல்லை என்றால், யாரிடம் கேட்கலாம்?