கைக்கடிகாரத்துக்கு வந்து சேரும் சர்க்கரை அளவு

உங்கள் வகுப்பில் யாராவது மேல்கையில் நாணயம் போன்ற ஒரு வெள்ளை வட்டை ஒட்டிக்கொண்டு வருகிறார்களா? அதுதான் குளுக்கோஸ் சென்சார். முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளுக்குக் கணையம் போதிய இன்சுலின் சுரக்காது. ஊசியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு போடுவது என்று முடிவு செய்ய, ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காகத் தினமும் பலமுறை விரலைக் குத்திப் பார்த்தார்கள். அந்த வலியைக் குறைக்க வந்ததுதான் இந்த வட்டு.

அதன் அடியில் வளையக்கூடிய மெல்லிய இழை ஒன்று உண்டு. சுமார் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தோலுக்குள் போகும். அது ரத்தக் குழாயைத் தேடிப் போவதில்லை. செல்களுக்கு நடுவே ஊறியிருக்கும் நீர்மத்தில்தான் நிற்கிறது. இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைப் பூசியிருப்பார்கள். சர்க்கரை அதன்மேல் பட்டால் வேதிவினை நடக்கும். அதிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பும். சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். நொதியையும் மின்முனையையும் இப்படிச் சேர்க்கலாம் என்று 1962-லேயே சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க்.

மின்னோட்டத்தை எண்ணாக மாற்றி, புளூடூத் அலையில் கைப்பேசிக்கு அனுப்புகிறார்கள். சில சென்சார்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், சில நிமிடத்துக்கு ஒருமுறையும் அனுப்பும். கைப்பேசி அதைக் கைக்கடிகாரத்துக்குத் தள்ளிவிடும். நம் உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்; தண்ணீர் இந்த அலையை உறிஞ்சிவிடும். அதனால் சென்சார் உள்ள பக்கமாகப் படுத்துத் தூங்கினால் சில நேரம் தொடர்பு அறுந்துபோகும். அந்த இடைவெளியில் எடுத்த அளவுகளைச் சென்சார் சேர்த்துவைத்திருந்து பிறகு அனுப்பிவிடும்.

இன்னொன்றும் உண்டு. சர்க்கரை முதலில் ரத்தத்தில் ஏறி, பிறகுதான் அந்த நீர்மத்துக்கு வருகிறது. எனவே திரையில் தெரியும் எண் சில நிமிடம் பிந்தியது. எண்ணோடு வரும் அம்புக்குறி, அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும். என்னைக் கேட்டால், எண்ணைவிட அந்த அம்புக்குறிதான் பெரிய உதவி.

இந்த எண் கடிகாரம்வரை வந்ததற்குப் பின்னால் ஒரு அப்பாவின் அக்கறை இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளரின் நான்கு வயது மகனுக்கு 2012-ல் முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்தது. அன்றைய சென்சாரின் அளவு, பையனோடு இருக்கும் சிறு கருவியில் மட்டுமே தெரியும். மகனைவிட்டுத் தூரத்தில் வேலை பார்க்கும் அப்பா என்ன செய்வார்? அந்தக் கருவியிலிருந்து தகவலை எடுத்து இணையத்துக்கு அனுப்பும் நிரலைத் தாமே எழுதினார். பிறகு அது கைக்கடிகாரத்திலும் தெரிந்தது. அவரும் வேறு சில பெற்றோரும் சேர்ந்து வளர்த்த ‘நைட்ஸ்கவுட்’ மென்பொருள் இன்றும் எல்லோருக்கும் இலவசம்.

ஆனால் கடிகாரம் தானாகச் சர்க்கரையை அளக்காது. வந்த எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். தோலைத் துளைக்காமலே அளக்கும் கடிகாரம் என்று விற்பதை நம்ப வேண்டாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024-ல் எச்சரித்தது.

வகுப்பில் உங்கள் நண்பரின் கைப்பேசி கூவினால், விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே ஆசிரியரிடம் சொல்லுங்கள். நண்பரைத் தனியே விடாமல் பக்கத்திலேயே இருங்கள்.