திசை மாறி ஓடும் ஆறு

கம்போடியத் தலைநகர் புனோம் பென் அருகே மீகாங் ஆற்றில் கலக்கிறது டோன்லே சாப் என்னும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி, அதே பெயர் கொண்ட ஏரியின் நீரைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் வேலை. பருவமழை வலுத்து மீகாங்கில் வெள்ளம் ஏறியதும், அந்த ஆறு அப்படியே எதிர்த்திசையில் திரும்பி ஏரியை நோக்கி ஓடுகிறது. கோடையில் சுமார் 2,500 சதுர கி.மீ. மட்டுமே பரந்து, இடுப்பளவு நீரோடு கிடக்கும் ஏரி, நல்ல மழையாண்டில் 15,000 சதுர கி.மீ. வரை விரிகிறது.

சுற்றியுள்ள காடுகள் மூழ்குகின்றன. மூழ்கிய மரங்களுக்கிடையே மீன்குஞ்சுகள் இரை தேடி வளர்கின்றன. மழை ஓய்ந்து வெள்ளம் வடியும்போது, ஆறு மறுபடி திரும்புகிறது. கொழுத்த மீன்களும் நீரோடு இறங்குகின்றன. படகுப் போட்டிகளோடு புனோம் பென்னில் நீர்த் திருவிழா நடப்பதும் அப்போதுதான். கருவாடாகவும், உப்பிட்டுப் புளிக்கவைத்த ‘பிரஹோக்’ விழுதாகவும் அந்த மீன் ஆண்டு முழுதும் ஏழை வீட்டுச் சோற்றுக்குத் துணை நிற்கிறது. நாம் வெள்ளம் என்றதும் அஞ்சுகிறோம். அங்கே வெள்ளம் வராவிட்டால்தான் பஞ்சம்.

திபெத்தியப் பீடபூமியில் பிறந்து, ஆறு நாடுகளைத் தொட்டு, 4,000 கி.மீ.க்கும் மேல் ஓடுகிறது மீகாங். சீனாவில் அதன் பெயர் லான்சாங். இதன் வழியே சீனாவுக்குக் கப்பல் விடலாம் என்ற பிரெஞ்சுக்காரர்களின் 1860-களின் ஆசையை, லாவோஸின் தெற்கெல்லையிலுள்ள கோன் அருவி முடித்துவைத்தது. கடைசியில் மீகாங், வியட்நாமின் நெல்லில் ஏறத்தாழ பாதி விளையும் கழிமுகத்தை வண்டலால் வளர்த்துவிட்டுக் கடலில் சேர்கிறது.

இந்த வண்டலும் வெள்ளமும் இன்று அணைகளில் சிக்கியிருக்கின்றன. சீனாவின் மேல்மீகாங் அணைகள் மழைக்கால நீரைத் தேக்கிக் கோடையில் விடுகின்றன. லாவோஸில் 2019-ல் சாயாபுரி அணை மின்சாரம் தரத் தொடங்கியது. 2019, 2020 இரண்டு ஆண்டுகளிலும் மழையும் பொய்க்க, டோன்லே சாப் திரும்பவே தாமதமாயிற்று, மீன்பாடு சரிந்தது. கழிமுகத்திலோ வண்டல் குறைய, மணல் கொள்ளையும் சேர, கரைகள் சரிகின்றன. உப்புநீர் வயலுக்குள் ஏறுகிறது.

கம்போடியா 2020-ல், தன் எல்லைக்குள் மீகாங்கின் குறுக்கே பத்தாண்டுகளுக்கு அணை கட்டுவதில்லை என அறிவித்தது. நல்ல முடிவுதான். ஆனால் மீகாங் ஆற்று ஆணையத்தில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் நான்கும்தான் உறுப்பினர்கள், சீனா இல்லை. அது நீரளவுத் தகவலைப் பகிர்ந்தால் மட்டும் ஏரி நிறையாது. ஜூன் தொடங்கி எந்த அணை எவ்வளவு நீரைத் திறக்க வேண்டும் என்பதைச் சீனாவும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும்.