மலை இறங்கி வந்தவரைக் கேளுங்கள்!

சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்குப் புறப்படும் பஸ் முதலில் அடிவாரத்துக்கு வருகிறது. அங்கே சமவெளி முடிகிறது. சேர்வராயன் மலை தொடங்குகிறது. மேலே போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும்.

புதிதாக மலை ஏறுகிறவருக்கு நெஞ்சு கொஞ்சம் படபடக்கும். அவர் யாரைக் கேட்பார்? மலையில் இருந்து இறங்கி வரும் டிரைவரைத்தான் கேட்பார். "மேலே மூட்டமா அண்ணே? ரோட்டில் கல் விழுந்து கிடக்கிறதா?" என்பார். வரைபடம் வைத்திருப்பவரைத் தேடிப் போகமாட்டார். அந்த வழியிலேயே வந்தவரின் ஒரு வார்த்தை போதும், தைரியம் வந்துவிடும்.

பிள்ளை வளர்ப்பதும் மலை ஏறுவது போலத்தான். அதிலும், தான் பெறாத பிள்ளையைத் தத்தெடுத்து வளர்க்கும் வழியில் வளைவுகள் அதிகம். அந்த வழியில் ஏறுகிறவர்களுக்கு யார் துணை?

ஒரு வீட்டைப் பாருங்கள்

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அல்ல. தத்தெடுத்த வீடுகள் பலவற்றில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துச் சொல்கிறோம்.

கணவனுக்கு அடிவாரத்தில் சிறு கடை. கல்யாணமாகி 12 ஆண்டுகள். பிள்ளை இல்லை. கோவில் குளம் எல்லாம் சுற்றியாயிற்று. ஆஸ்பத்திரிக்கும் செலவழித்தாயிற்று. கடைசியில் தத்தெடுக்க முடிவு செய்தார்கள். முறைப்படி பதிவு செய்து காத்திருந்தார்கள். ஒரு நாள் பத்து மாதப் பெண் குழந்தை வீட்டுக்கு வந்தது. தெருவே கூடி ஆரத்தி எடுத்தது.

மூன்றாம் நாள் இரவு. குழந்தை வீறிட்டு அழுதது. தூக்கினால் திமிறியது. பால் குடிக்க மறுத்தது. டாக்டரிடம் காட்டினார்கள். "உடம்புக்கு ஒன்றும் இல்லை" என்றார்.

மாமியார் பெருமூச்சு விட்டாள். "பெற்றவளாக இருந்தால்..." என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். மீதிப் பாதி மருமகளின் நெஞ்சில் தைத்தது.

"என்னை இதற்குப் பிடிக்கவில்லையோ?" அந்தத் தாய் யாரிடமும் சொல்லாமல் கலங்கினாள்.

அப்போது ஓர் அம்மாள் வந்தாள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு தத்தெடுத்தவள். அவள் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏன் கண்ணு, பிள்ளை முன்பு படுத்திருந்த துணி ஏதாவது கொடுத்து அனுப்பினார்களா?"

"ஒரு பழைய துணி இருந்தது அக்கா. அழுக்காக இருக்கிறதே என்று துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்."

"அதில்தான் அதன் பழைய வீடு இருந்தது. அந்த வாசனை, அங்கே தூக்கி வைத்திருந்த ஆயாவின் கை, பக்கத்துத் தொட்டில்களின் சத்தம், எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. அது உன்னை வெறுக்கவில்லை. தொலைந்ததைத் தேடுகிறது. என் மகள் 40 நாள் அழுதாள்."

"நீங்கள் என்ன செய்தீர்கள் அக்கா?"

"நானா? சமையல் கட்டில் குழாயைத் திறந்துவிட்டு நானும் அழுதேன்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அன்று இரவும் குழந்தை அழுதது. ஆனால் தாய் அழவில்லை.

பட்டவருக்குத்தான் தெரியும்

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அந்த அம்மாள் படித்த படிப்பு அதுதான். அதற்குப் பெயர் பட்டறிவு.

அவள் சொல்லிக் கொடுத்தவை சின்னச் சின்னக் காரியங்கள். முதல் சில வாரங்கள் உறவினர் கைகளில் பிள்ளையை மாற்றி மாற்றிக் கொடுக்காதே. ஊட்டுவதும் தூங்க வைப்பதும் நீங்கள் இருவருமே செய்யுங்கள். விடுதியில் கொடுத்த அதே பாலை, அதே நேரத்தில் கொடு. புதிய சட்டை பிறகு ஆகட்டும். பழைய துணி பக்கத்தில் கிடக்கட்டும்.

வெளிநாடுகள் சிலவற்றில் இப்படிப்பட்டவர்களைத் தத்து நிலையங்களே சம்பளம் கொடுத்து அமர்த்துகின்றன. தத்தெடுத்த பெற்றோரும் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களும் பயிற்சி பெற்று, புதிய குடும்பங்களுக்குத் துணை நிற்கிறார்கள்.

இதற்கு முன்னோடி போன்றவர் அமெரிக்காவின் ஜீன் பேட்டன் என்ற பெண்மணி. அவரே தத்துப் பிள்ளை. சமூகப் பணி படித்தவர். தத்துப் பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவர்களை யாரும் பேச விடவில்லையே என்று எண்ணினார். வளர்ந்து பெரியவர்களான 40 தத்துப் பிள்ளைகளின் அனுபவங்களைத் திரட்டி 1954-ல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் தத்தெடுத்த பெற்றோர் 1971-ல் தாங்களே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் இன்று 'அடாப்ஷன் யூ.கே.' என்ற பெரிய அமைப்பு.

நம் நாட்டிலும் பெருநகரங்களில் தத்தெடுத்த பெற்றோர் கூடிப் பேசுகிறார்கள். ஆனால் நடு இரவில் பிள்ளை அழும்போது, அடிவாரத்துத் தாய் பெருநகரத்துக்குப் பஸ் ஏற முடியுமா?

சேலத்தில் வைத்த தொட்டில்

அப்படிப்பட்ட துணைக்குச் சேலத்தை விடப் பொருத்தமான இடம் இல்லை. ஏன் தெரியுமா?

1991-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. சேலம் மாவட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேர் இருந்தால், பெண் குழந்தைகள் ஏறக்குறைய 850 பேர்தான் இருந்தார்கள். பெண் சிசுக்கொலை இந்த மண்ணுக்குப் பெரும் பழியாக இருந்தது.

1992-ல் முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. "பெண் என்று கொல்லாதீர்கள். தொட்டிலில் விட்டுச் செல்லுங்கள். அரசு காப்பாற்றும்" என்பதே அதன் செய்தி. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரி மாவட்டங்களுக்கும் அது பரவியது. 2011-ல் மேலும் சில மாவட்டங்கள் சேர்ந்தன.

பெண் பிள்ளையைக் கைவிடுவதை இது சுலபமாக்கிவிடும் என்று குறை சொன்னவர்களும் உண்டு. அந்த வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டு, யாரோ ஒருவர் வீட்டு விளக்காக ஆனார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1992-ல் தொட்டிலுக்கு வந்த குழந்தைக்கு இன்று முப்பது வயது கடந்துவிட்டது. அவளை வளர்த்த தாய்க்குத் தலை நரைத்துவிட்டது. இந்த வழியின் எல்லா வளைவுகளையும் பார்த்தவர்கள் அவர்கள்தான்!

ஊர் வாயும் பள்ளிக்கூடமும்

குழந்தை அழுகையை நிறுத்தியதும் அடுத்த வளைவு வருகிறது. அதுதான் ஊர் வாய்.

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்று ஒருவர் பாராட்டுவார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் அந்தத் தாய்க்கு அது ஊரான் பிள்ளை அல்ல. தன் பிள்ளை!

பிறகு பள்ளிக்கூடம். "பிறந்தபோது எடுத்த போட்டோ கொண்டு வா" என்று டீச்சர் சொல்வார். "நீ அம்மா சாயலா, அப்பா சாயலா?" என்று தோழி கேட்பாள். ஆஸ்பத்திரிக்குப் போனால், "குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்பார்கள்.

இதற்கெல்லாம் விடை என்ன? பட்டறிந்தவர்கள் சொல்லும் விடை எளிது. டாக்டரிடம் "தத்துப் பிள்ளை, தெரியாது" என்று தயங்காமல் சொல்லுங்கள். டீச்சரை முன்னதாகவே பார்த்துப் பேசிவிடுங்கள். தெருவில் கேட்பவருக்கு எல்லாக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதை பிள்ளையின் சொத்து. அதை மற்றவருக்குச் சொல்வதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியது பிள்ளைதான்.

உண்மையை எப்போது சொல்வது?

எல்லாவற்றிலும் கடினமான வளைவு இதுதான். "நாங்கள் உன்னைப் பெறவில்லை" என்று எப்போது சொல்வது?

2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில், அமுதா என்ற சிறுமிக்கு அவளது ஒன்பதாவது பிறந்த நாளில் இந்த உண்மை தெரிகிறது. அவள் உலகமே தலைகீழாகிறது. பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள்.

அனுபவப்பட்டவர்கள் வேறு யோசனை சொல்கிறார்கள். "ஒரு நாள் குறித்துச் சொல்லாதீர்கள். தாலாட்டோடு தொடங்குங்கள். மூன்று வயதில் கதையாகச் சொல்லுங்கள். 'நாங்கள் உன்னைத் தேடி வந்தோம். நீ எங்களுக்காகச் சிரித்தாய்' என்று சொல்லுங்கள். பிறகு வயதுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டு போங்கள். அப்போது 'எனக்குத் தெரிந்த அந்த நாள்' என்று ஒரு நாள் பிள்ளையின் நினைவில் ஆறாத புண்ணாக நிற்காது."

செய்யக் கூடாதவை மூன்று உண்டு. பெற்றவளைப் பழிக்கக் கூடாது. அவள் என்ன நெருக்கடியில் இருந்தாளோ! விபத்தில் இறந்தாள் என்று பொய்க் கதை கட்டக் கூடாது. "நாங்கள் இல்லாவிட்டால் உன் கதி என்ன?" என்று நன்றிக் கடன் கேட்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் கடனாளியாக வளரக் கூடாது.

நீங்கள் சொல்லாவிட்டால் ஊர் சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது!

வெற்றுப் பக்கம்

பிள்ளைக்குப் பதினெட்டு வயது ஆகிறது. "என்னைப் பெற்றவர் யார்?" என்ற கேள்வி எழலாம். வயது வந்த தத்துப் பிள்ளை தன் பிறப்பைப் பற்றி விசாரிக்கச் சட்டம் இடம் தருகிறது. பெற்றவரின் விருப்பத்தையும் மதித்தே விவரம் தருவார்கள்.

ஆனால் தொட்டிலில் விடப்பட்ட குழந்தையின் ஏட்டில் பல வேளை தாயின் பெயரே இராது. ஒரு தேதியும் ஓர் ஊரும்தான் இருக்கும். மற்றது வெற்றுப் பக்கம்.

அந்தப் பக்கத்தைப் பார்த்து விக்கி நிற்கும் இளைஞனுக்கு வளர்த்தவர் என்ன ஆறுதல் சொல்ல முடியும்? பாசம் உண்டு, ஆனால் அந்த வலி அவர்கள் பட்டதல்ல. "என் ஏட்டிலும் இப்படித்தான் இருந்தது. நானும் தேடினேன். இன்று என் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். தொட்டிலில் வந்தவர்தான் அதைச் சொல்ல முடியும்.

துணை வேறு, தரகர் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை. "குழந்தை வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர் துணை அல்ல, தரகர். 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை பேரம் பேசிய ஒலிப்பதிவு வெளியாகித் தமிழ்நாட்டையே உலுக்கியது நினைவிருக்கலாம். குழந்தையை விற்பதும் வாங்குவதும் குற்றம். 5 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

நேர் வழி திறந்தே இருக்கிறது. முன்பு மகனைத் தத்தெடுப்பதே வழக்கமாக இருந்தது. கொள்ளி வைக்கவும் சொத்துக்கு வாரிசாகவும்தான் அது. 1956-ல் வந்த இந்து தத்தெடுப்புச் சட்டம் பெண் பிள்ளையையும் தத்தெடுக்கலாம் என்றது. ஆதரவற்ற குழந்தையை எந்த மதத்தவரும் தத்தெடுக்க இளைஞர் நீதிச் சட்டம் வழி செய்கிறது.

மத்திய தத்து ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரிப்பார். 2022 முதல் மாவட்டக் கலெக்டரே தத்து உத்தரவு தருகிறார். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையாக 2 ஆண்டுகள் வந்து பார்ப்பார்கள். கைக்குழந்தைக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்க நேரும். 2024-25-ல் இந்த முறையில் நாடு முழுவதும் 4,515 பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள்.

துணை வருபவருக்கும் கட்டுப்பாடு வேண்டும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தன் பழைய காயத்தை அடுத்தவர் மேல் ஏற்றக் கூடாது. டாக்டர் பார்க்க வேண்டியதை டாக்டரிடம் விட்டுவிட வேண்டும். இதற்குப் பயிற்சி தேவை. உழைப்புக்கு ஊதியமும் தேவை.

அதிகாரி இரண்டு ஆண்டுகள் வருகிறார். நல்லதுதான். ஆனால் டீச்சர் போட்டோ கேட்பது ஐந்து வயதில். பிள்ளை தன் வேரைத் தேடுவது பதினெட்டு வயதில். அப்போது வாசலில் யார் நிற்பார்?

தொட்டில் முதலில் வைக்கப்பட்டது சேலத்தில். பிள்ளைகளைக் காத்த அந்த ஊர், அவர்களை வளர்ப்பவர்களுக்குத் துணை தருவதிலும் முதல் ஊராக இருக்கலாமே! அன்று தொட்டிலில் வந்தவர்களும் அவர்களை வளர்த்தவர்களும் முன்வந்தால் போதும். அரசு அவர்களுக்குப் பயிற்சி தரட்டும்.

அடிவாரத்து வீட்டில் விளக்கு எரிகிறது. உள்ளே ஒரு குழந்தை அழுகிறது. மலை ஏறப் புறப்பட்ட ஒரு தாய் வழி தெரியாமல் நிற்கிறாள்.

மலை இறங்கி வந்தவர்களே! ஒரு நிமிடம் நின்று, வழி சொல்லிவிட்டுப் போங்கள்.