தண்ணீருக்குள் யார் யார்?

கருமாரியம்மனைத் தரிசிக்கத் திருவேற்காடு போய் வந்தவர்களுக்குக் கூவம் ஆறு தெரியாமல் இராது. ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஆனால் அந்த ஊர் இல்லத்தரசியிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஆத்துத் தண்ணியை யாருங்க குடிக்கிறாங்க? எங்க வீட்டுல போர் இருக்கு. இருநூறு அடி ஆழம். கண்ணாடி மாதிரி தண்ணி. அவ்வளவு கீழே கிருமி எப்படிப் போகும்?" என்பார். ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கேட்டால் இதே பதில்தான் வரும்.

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் நாம் நினைப்பது போல இல்லை. சுத்தமான நிலத்தடி நீரில்கூட ஒரு மில்லி லிட்டருக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. இருநூறு அடி என்ன, தென்னாப்பிரிக்காவில் ஒரு தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீட்டர் ஆழத்து நீரிலேயே ஒரு பாக்டீரியா இருக்கிறது. வெளிச்சம் கிடையாது, காற்று கிடையாது, துணைக்கு வேறு உயிரும் ஏறக்குறையக் கிடையாது. அதன் மரபணு முழுவதையும் படித்து 2008-ல் வெளியிட்டார்கள். பயந்துவிடாதீர்கள். அது நம்மை ஒன்றும் செய்யாது. நிலத்தடியில் வாழ்பவற்றில் பெரும்பாலானவை அப்படிச் சாதுவானவைதான்.

கண்ணுக்குத் தெரியாத இவற்றை எப்படி அடையாளம் கண்டார்கள்?

முன்பெல்லாம் ஒரே வழிதான். நாம் பாலில் உறை ஊற்றித் தயிர் தோய்க்கிறோம் அல்லவா? அதுபோல ஒரு தட்டில் கிருமிக்குத் தீனி வைத்து, ஒரு துளி நீரை விட்டு, வளர்கிறதா என்று காத்திருப்பார்கள். இதில் ஒரு சங்கடம். நாம் வைத்த சாப்பாடு பிடித்தவை மட்டும் வளரும். மற்றவை வாயே திறக்காது. தட்டு காலியாக இருந்தால் நீரில் ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது வந்திருப்பது வேறு முறை. ஒரு லிட்டர் நீரை மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டுகிறார்கள். அதில் தங்கிய கிருமிகளை உடைத்து, உள்ளே இருக்கும் மரபணு இழையை எடுத்து, எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்கள். மரபணுவின் பாஷையில் நான்கே எழுத்துகள். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிற ஒரு பகுதி உண்டு. சுமார் 1,500 எழுத்து நீளம். ஒவ்வொரு இனத்திலும் அது கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும். நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாதிரி! அதைப் படித்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். கிருமி வளரவே வேண்டியதில்லை.

ஏதோ சீமைச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் சென்னையையே உலக விஞ்ஞானிகள் திரும்பிப் பார்த்த ஒரு கதை உண்டு.

1992 அக்டோபர். சென்னையில் காலரா. நோயாளிகளிடம் எடுத்த கிருமியைச் சோதித்தால், பழைய காலராக் கிருமியோடு அது பொருந்தவில்லை. அதுவரை தெரிந்திருந்த 138 வகைகளில் எதிலும் சேரவில்லை. 139-வது என்று எண் கொடுத்தார்கள். முன்பு காலரா வந்து தப்பித்த பெரியவர்களையும் இது விடவில்லை. உடம்பில் சேர்ந்திருந்த பழைய எதிர்ப்புச் சக்தி இதனிடம் செல்லவில்லை. சில மாதங்களுக்குள் கல்கத்தாவுக்கும் பங்களாதேஷுக்கும் பரவிற்று. (முதலில் தென்பட்டது சென்னையில்; வைத்த பெயரோ 'பெங்கால்'!) மரபணுவை ஆராய்ந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. ஆள் பழைய ஆள்தான்; மேல் சட்டைக்கான மரபணுவை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான்! பின்னர் அவன் மெல்ல ஓய்ந்துபோனான். 2011-ல் உலகெங்கும் சேகரித்த 154 காலராக் கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். நாடு நாடாகப் போன தொற்று அலைகள் வங்காள விரிகுடாப் பக்கமிருந்தே கிளம்பியவை என்று தெரிந்தது.

நோய் இல்லாத காலத்தில் இந்தக் கிருமி எங்கே போய் ஒளிகிறது? அமெரிக்க விஞ்ஞானி ரீடா கோல்வெல் அம்மையார் இதற்காகவே பல வருஷம் உழைத்தார். அது நீரிலேயே தூங்கிவிடுகிறது. தட்டில் போட்டால் வளராது, ஆனால் சாகவும் இல்லை. சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. பூச்சியைப் பிடித்தால் கிருமியையும் பிடிக்கலாமே! பங்களாதேஷ் கிராமங்களில், பழைய பருத்திப் புடவையை நாலைந்து மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டச் சொன்னார்கள். காலரா 48 சதவீதம் குறைந்தது என்று 2003-ல் அறிவித்தார்கள். புதுப் புடவையைவிடத் துவைத்துத் துவைத்து நைந்த புடவைதான் இதற்கு மேல். நூல் பிரிந்து பஞ்சுபோல் ஆகி, துவாரங்கள் சிறுத்துவிடுகின்றன. நம் பாட்டிமார் சும்மாவா வெள்ளைத் துணியால் வடிகட்டினார்கள்! ஆனாலும் தனியாக மிதக்கும் கிருமியும், வைரஸும் துணியில் நிற்கா. கொதிக்க வைப்பதற்கு அது ஈடில்லை.

"அப்போ எங்க போர் தண்ணிக்கும் மரபணுச் சோதனை செய்யணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். செத்த கிருமியின் மரபணுவும் அதில் தென்படும். கொதித்து ஆறிய நீரில்கூடத் தெரியலாம். அது ஆராய்ச்சிக்காரர்களுக்கும், நோய் பரவும்போது அரசாங்கத்துக்கும் உதவும் கருவி. 2021-ல் தமிழக அரசே சென்னையில் அப்படி ஒரு கூடத்தை, கொரோனா கிருமியின் மாற்றங்களைப் படிப்பதற்காக, ஆரம்பித்தது.

வீட்டுக்குத் தேவை பழைய, எளிய சோதனைதான். மலத்தில் வாழும் கோலிஃபார்ம் வகைக் கிருமி நீரில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் செப்டிக் டாங்க் கசிவோ சாக்கடையோ எங்கோ கலக்கிறது என்று அர்த்தம். ஆழம் மட்டும் காப்பாற்றாது. மேல்பகுதிக் குழாயில் விரிசல் இருந்தாலும், போரைச் சுற்றி சிமென்ட் பூசாமல் விட்டாலும், மழைநீரோடு அழுக்கு நேரே கீழே இறங்கும். ஆழத்தில் சாதுவாகக் குடியிருப்பவை வேறு. இப்படி மேலிருந்து இறங்குகிறவை வேறு.

குழந்தைக்குக் கொடுக்கும் நீர் கொப்புளம் விட்டுக் கொதித்த பின் ஒரு நிமிஷம் அடுப்பில் இருக்கட்டும். அந்தப் பாத்திரத்திலேயே ஆற வைத்து மூடுங்கள். கையை விட்டு மொள்ளாமல் கரண்டியால் எடுங்கள். பேதி கண்டால், ஒரு லிட்டர் ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

நீர் பரிசோதனைக் கூடம் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் இருக்கிறது. வீட்டு ஜாம் பாட்டிலில் நீரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். கிருமி நீக்கிய பாட்டிலைக் கூடத்திலேயே கேட்டு வாங்கி, குழாயைச் சில நிமிஷம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.