தவளைப் பேராசிரியரின் பத்திரிகை

பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் பேராசிரியர். ஆராய்ச்சியோ தவளைகளைப் பற்றி. கோயமுத்தூரில் 1882-ல் பிறந்த சி.ஆர். நாராயண ராவ், 1932 ஜூலையில் 'கரண்ட் சயின்ஸ்' மாத இதழின் ஆசிரியரும் ஆனார். அவசரக் கண்டுபிடிப்பென்றால் லண்டன் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்த காலம் அது. இயற்பியலோ பயிர் நோயோ, சூட்டோடு வெளியிட உள்ளூரிலேயே இடம் கிடைத்தது. பத்தாண்டுகள் அதைத் தாங்கினார் ராவ்.

தவளைகளையும் விடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கெம்புஹொளே காட்டில் கிடைத்தவற்றைப் புதிய இனங்களாக 1937-ல் விவரித்தார். கல்லூரியில் வைத்திருந்த மாதிரிகள் பிற்பாடு தொலைந்துபோயின. எது அவர் சொன்ன தவளை என்று பின்வந்த ஆய்வாளர்கள் திண்டாடினார்கள். பத்திரிகை தொலையவில்லை. மாதம் ஒன்றாக வந்தது, இப்போது இரண்டாக வருகிறது.