இலையை ஆய்ஞ்சுட்டு புதினா தண்டைத் தூக்கிப் போடுறீங்களா? ஒரு நிமிஷம்!

சட்னிக்கு இலையை ஆய்ந்ததும் புதினா தண்டு நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். ஆனால், அடுத்த செடி அந்தத் தண்டில்தான் இருக்கிறது. ஆன்லைனில் விதை தேட வேண்டாம். புதினா வகைகள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும் என்பதால், விதையில் முளைத்த செடிக்கு அதே வாசனை வரும் என்று சொல்ல முடியாது. தண்டில் வைத்தால் தாய்ச்செடி அப்படியே வரும்.

கட்டிலிருந்து கொஞ்சம் தடிமனான, வாடாத தண்டுகள் நாலைந்து எடுங்க. நுனியில் இரண்டு மூணு இலை போதும். மீதியைக் கிள்ளிவிட்டு, அடியில் இரண்டு கணு மூழ்கும்படி டம்ளர் தண்ணீரில் வையுங்க. இலை தண்ணீரில் கிடந்தால் அழுகிடும். ஒரு வாரம், பத்து நாளில் கணுவிலிருந்து வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். அதுவரை இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாத்துங்க. தண்டுக்காக மட்டுமில்ல, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்த ஒரு டம்ளரே போதும்.

இதுவரை பெரும்பாலும் சரியாத்தான் போகும். தொட்டிக்கு மாத்தின பிறகுதான் சொதப்பல். காரணம், பார்க்க அழகா இருக்குதேன்னு நாம வாங்குற சின்னத் தொட்டி. (காபி மக்கில் வைத்து ஒரு செடியைக் கொன்ற அனுபவம் எனக்கும் உண்டு.) புதினா ஆழமாகப் போகாது. மண்ணை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடி, கணு தொட்ட இடமெல்லாம் வேர்விடும். அதனால் அரை அடி ஆழத்தில் அகலமான பழைய பிளாஸ்டிக் டப் போதும். அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம். தோட்ட மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றும் சம அளவு கலந்து நிரப்புங்க. வேறு செடியோடு சேர்த்து வைக்காதீங்க. சில மாதத்தில் மொத்த இடத்தையும் இதுவே பிடிச்சுக்கும்.

தினமும் தண்ணீர் ஊத்தணும்னு கணக்கு இல்லை. விரலை மண்ணில் விட்டுப் பாருங்க, மேல்மண் காய்ந்திருந்தால் ஊத்தலாம். காலை வெயில் மூணு, நாலு மணி நேரம் கிடைத்தாலே போதும். சென்னையின் ஏப்ரல், மே மதிய வெயில் இலையைக் கருக்கிடும். மேற்கு பார்த்த பால்கனி என்றால் பச்சை நிழல்வலை கட்டுங்க.

பறிக்கும்போது இலையை மட்டும் ஒவ்வொண்ணா கிள்ளாம, கணுவுக்குச் சற்று மேலே தண்டோடு வெட்டுங்க. அந்தக் கணுவின் இரண்டு பக்கமும் கிளை வரும். மொட்டு விட்டால் உடனே கிள்ளிடுங்க. ஒரு வருஷம் போனால் வேர் டப்பை அடைத்து, நடுவில் இலை குறையும். அப்போது பாதியைப் பிரித்துப் புது மண்ணில் வையுங்க. மீதிப் பாதியைப் பக்கத்து ஃபிளாட்டுக்குக் கொடுக்கலாம்.